சர்க்கரையைக் கூட்டியும் வீட்டு ஒயினில் ஆல்கஹால் கூடாமல், நொதித்தல் பாதியில் நின்றுவிடுவது ஏன்?

ஐந்து லிட்டர் பழச்சாற்றில் ஒன்றரைக் கிலோ சர்க்கரையும் ரொட்டிக்கான ஈஸ்ட்டும் சேர்த்ததாகவும், முதலில் நன்றாக நுரைத்துப் பின்னர் குமிழி அடங்கிவிட்டதாகவும், சாறு இன்னும் பாகு போல இனிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மேலும் ஒரு பிடி ஈஸ்ட் போட்டால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி. ஆகாது. இங்கே மிகுந்துபோனது சர்க்கரை. ஈஸ்ட் குறைந்ததால் வந்த சிக்கல் அன்று.

கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை முழுமையாக நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். பழச்சாற்றில் இயல்பாகவே லிட்டருக்கு 100 கிராம் அளவில் சர்க்கரை இருந்திருக்கும் என்று கொள்வோம். நீங்கள் சேர்த்ததையும், சர்க்கரை கரைவதால் கூடும் கன அளவையும் கணக்கில் எடுத்தால், தொடக்கத்தில் லிட்டருக்கு 330 கிராமுக்கு மேல் இருந்திருக்கிறது. அத்தனையும் நொதித்தால் 19 சதவீதம் வர வேண்டும். ஆனால் ரொட்டி ஈஸ்ட் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டித் தளர்ந்துவிடும்; ஒயின் ஈஸ்ட் வகைகள் பல 13 முதல் 16 வரை தாங்கும்; அதற்கு மேல் செல்பவை சில மட்டுமே. ஈஸ்ட்டின் தாங்குதிறனைத் தாண்டிப் போட்ட சர்க்கரை இனிப்பாகவே தங்கிவிடும்.

அடர்ந்த சர்க்கரைக் கரைசல் ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுப்பதால், நொதித்தல் தொடங்கும்போதே செல்கள் நலிந்துவிடுகின்றன என்பது இன்னொரு காரணம். ஆகவே வலுவான ஒயின்தான் வேண்டும் என்பவர்கள்கூடச் சர்க்கரை முழுவதையும் முதல் நாளே கொட்டிவிடாமல், ஒரு பகுதியை நிறுத்திவைத்து, நொதித்தல் நன்றாக ஓடத் தொடங்கிய பின் தவணை தவணையாகச் சேர்ப்பதே முறை. அப்போதும் நேரடியாகத் தூவக் கூடாது. கரைந்திருக்கும் வாயு ஒரே வீச்சில் பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழிந்துவிடும். கொஞ்சம் சாற்றில் கரைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். என்னைக் கேட்டால், 12 சதவீதத்துக்கு மேல் ஆசைப்படாதவர்களுக்கே நல்ல சுவை வாய்க்கிறது.

உங்கள் சாற்றை மீட்க வழி உண்டு. சர்க்கரை சேர்க்காத அதே பழச்சாற்றை நான்கு லிட்டர் அளவில் கலந்தால், மொத்தச் சர்க்கரைக் கணக்கு லிட்டருக்கு 240 கிராமுக்கு இறங்கும். அது ஒயின் ஈஸ்ட்டின் எல்லைக்குள் அடங்கும். ஆல்கஹாலும் சர்க்கரையும் நிறைந்த சாற்றில் உலர்ந்த ஒயின் ஈஸ்ட்டை அப்படியே தூவினால் அதில் பெரும்பகுதி இறந்துவிடும் என்பதால், முதலில் 35 முதல் 40 டிகிரி வெந்நீரில் கால் மணி நேரம் ஊற வையுங்கள். மேலே பாலாடை போல நுரை திரண்டால் ஈஸ்ட் உயிருடன் இருக்கிறது என்று பொருள். அதைப் புதுச் சாறு சிறிதளவில் இட்டு நொதிக்கவிட்டு, நின்றுபோன சாற்றைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக அதனுடன் சேர்த்துப் பழக்க வேண்டும். ஈஸ்ட்டுக்கான ஊட்டச்சத்துத் தூளும் சிறிது சேர்ப்பது நல்லது. நைட்ரஜன் போதாதபோது ஈஸ்ட் திணறும், அழுகிய முட்டை வாடையும் கிளம்பும். வெறும் சர்க்கரைத் தண்ணீரை நொதிக்க வைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

வெப்பநிலை 18 முதல் 25 டிகிரிக்குள் இருக்கட்டும். நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குவதால் சாறு அறையைவிடச் சூடாக இருக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் தொண்டையை எரிக்கும் கடுஞ்சுவை ஏறும். காற்றைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் ஈஸ்ட் பெருகுவதற்கு ஆக்சிஜன் தேவை என்பதால் சாற்றை நன்றாகக் கலக்கலாம். நொதித்தல் சூடுபிடித்த பிறகு காற்றுப்படவிட்டால் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் அதை வினிகராக்கிவிடும்.

குமிழியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் நொதிக்கும்போதும் குமிழி வராது. வெப்பம் ஏறினால் நொதித்தல் முடிந்த பின்னும் கரைந்திருந்த வாயு வெளிவரும். நீரை 1.000 எனக் கொண்டு திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டர் ஒன்றை மலிவாக வாங்குங்கள். உயரக் குழாயில் சாற்றை ஊற்றி மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஒட்டும் குமிழிகள் உதிரும்படி ஒருமுறை சுழற்றிவிட்டு, திரவ மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் படிக்க வேண்டும். தொடக்கத்தில் 1.090 என்று காட்டும் சாறு முடிவில் 0.995 அளவுக்கு இறங்கும். வேறுபாட்டை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஏறத்தாழ 12.4 சதவீதம் என்று வரும். அடுத்தடுத்துச் சில நாட்கள் இடைவெளியில் பார்க்கும்போது அளவு அசையாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது, அல்லது நின்றுவிட்டது. இரண்டில் எது என்பதை அந்த எண்ணே சொல்லும். உங்கள் சாற்றில் அது 1.040க்கு மேலே நிற்கக்கூடும்.

அந்த நிலையில் எக்காரணம் கொண்டும் பாட்டிலில் அடைத்து இறுக மூடாதீர்கள். லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை நொதித்தாலே மூடிய பாட்டிலுக்குள் ஏறத்தாழ 6 வளிமண்டல அழுத்தம் உருவாகும்; ஷாம்பெயின் பாட்டில்கள் அவ்வளவு தடிப்பாக இருப்பது அதனால்தான். உங்கள் சாற்றில் எஞ்சியிருக்கும் சர்க்கரை அதைப் போலப் பல மடங்கு. ஓய்ந்து கிடக்கும் ஈஸ்ட் கோடை வெப்பத்தில் மறுபடி விழித்தால் சாதாரணப் பாட்டில் தாங்காது. கண்ணாடிச் சில்லுகள் தெறித்துக் காயம் ஏற்படும். கெடாமல் காக்கும் பொருளான பொட்டாசியம் சோர்பேட் போட்டுவிட்டால் போதும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அது ஈஸ்ட் புதிதாகப் பெருகுவதைத் தடுக்குமே தவிர, ஓடிக்கொண்டிருக்கும் நொதித்தலை நிறுத்தாது.