சட்டப் பாடம் எடுக்கட்டும், விடுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

பதினோராம் வகுப்பில் ஏ.பி. உயிரியலை (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) விட்டுவிட்டு 'அமெரிக்கச் சட்டம்' என்ற விருப்பப் பாடத்தை எடுக்கப்போவதாக மகள் அடம்பிடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "போலீஸ், கோர்ட்டு எல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்ற உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நியூ ஜெர்சியில் நீங்கள் இருக்கும் எடிசனுக்குப் பக்கத்து ஊர்தான் பிஸ்கடாவே. 1980இல் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் 14 வயது மாணவி ஒருத்தி கழிவறையில் சிகரெட் பிடித்ததாகத் துணை முதல்வர் முன் நிறுத்தப்பட்டாள். "நான் பிடிக்கவே இல்லை" என்றாள். அவர் அவளது கைப்பையை வாங்கித் திறந்தார். மேலாக ஒரு சிகரெட் பெட்டி, கூடவே கஞ்சா சுருட்டப் பயன்படும் தாள். பிறகு பை முழுவதையும் துழாவினார்: கொஞ்சம் கஞ்சா, ஒரு டாலர் நோட்டுகள் பல, யார் யார் காசு தரவேண்டும் என்று எழுதிய அட்டை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985இல் வந்த தீர்ப்பு இதுதான்: நியாயமற்ற சோதனையிலிருந்து மக்களைக் காக்கும் அரசியலமைப்பின் 4ஆவது திருத்தம் அரசுப் பள்ளிக்குள்ளும் செல்லும், ஆனால் சோதனை போடப் பள்ளிக்கு வாரண்ட் தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். உங்கள் மகள் தினமும் தூக்கிப்போகும் புத்தகப்பைக்கும் இன்று அதே விதிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1964, அரிசோனா. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஃபோனில் ஆபாசமாகப் பேசியதாக ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையனைப் போலீஸ் கொண்டுபோனது. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஒரு துண்டுச்சீட்டுகூட வைக்கவில்லை. மாலையில் வந்த தாய், மூத்த மகனை அனுப்பித் தேடச் சொன்னார். விசாரணையில் வக்கீல் இல்லை, புகார் கொடுத்த பெண்ணும் வரவில்லை. பெரியவர் ஒருவர் இதைச் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம் அல்லது அதிகபட்சம் 2 மாதச் சிறை. பையனுக்கோ 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளி! குற்றச்சாட்டை முன்கூட்டியே அறியவும், வக்கீல் வைத்துக்கொள்ளவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும், வாய்திறக்காமல் இருக்கவும் சிறாருக்கும் உரிமை உண்டு என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான்.

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் போலீஸ் விசாரிக்கும்போது, "வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. அதை அவள் 16 வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது என்று மனதார நினைக்கிறேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பு விஷயம். இங்கே பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சட்டக் கல்லூரிக்குப் போக முடியாது. நான்கு வருடப் பட்டம், சட்டக் கல்லூரியில் சேர எல்சாட் தேர்வு, மூன்று வருட ஜே.டி. என்ற சட்டப் பட்டம், பிறகு வக்கீலாகத் தொழில் செய்ய அந்தந்த மாநிலத்தின் பார் தேர்வு. செலவு பெரிது, கடனும் ஏறும். அதனால்தான் இப்போதே ஒரு வருடம் தொட்டுப் பார்க்கட்டும் என்கிறேன். இளங்கலையில் எந்தப் பாடமும் எடுக்கலாம். உயிரியலும் வீண்போகாது, கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமைச் (பேடன்ட்) சட்டத்துக்கு அறிவியல் பட்டம் கைகொடுக்கும். ஏ.பி. உயிரியலைப் பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்க வழி உண்டா என்று பள்ளி ஆலோசகரிடம் கேளுங்கள்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கக் கடைசி நாள் வருவதற்குள் ஒன்று செய்யுங்கள். சிறார் விசாரணைகளுக்குப் பொதுவாக வெளியாரை விடமாட்டார்கள்; ஆனால் உங்கள் ஊர் முனிசிபல் கோர்ட்டில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். விசாரணை ஆன்லைனில் அல்லாமல் நேரில் நடக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு அவளோடு நீங்களும் போங்கள். திரும்பி வரும்போது காரில் அவள் எதைப் பற்றிப் பேசினாள் என்று எனக்கு எழுதுங்கள்.