சீலிங் பெயர்ந்து விழுந்த அறைக்கு ஃபால்ஸ் சீலிங் போடலாமா?

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மேல்மாடிப் படுக்கையறை, கான்கிரீட் தளம், கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, உயரம் ஒன்பதரை அடி. வெளிச்சுவரை ஒட்டிய மூலையில் பழுப்பாக ஒரு கறை ரொம்ப நாளாக இருக்கிறது. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் திரும்ப வந்துவிட்டது. போன மாதம் ஃபேனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து விழ, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கொத்தனார் பூசிவிடலாம் என்கிறார், இன்னொருவர் ஃபால்ஸ் சீலிங் போட்டால் எல்லாம் மறைந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, சீலிங்குக்குக் கருநீலம் அடிக்கலாமா என்பது கேள்வி.

போடலாம், அடிக்கலாம், ஆனால் இப்போது இல்லை. இன்றைக்குச் செய்ய வேண்டியது கட்டிலை அந்த இடத்துக்குக் கீழிருந்து நகர்த்துவதும் ஃபேனைக் கழற்றி இறக்குவதும்தான். ஃபேன் கொக்கி அந்தத் தளத்துக் கம்பியிலேயே கட்டப்பட்டிருக்கும். பக்கத்துக் கம்பி துருப்பிடித்திருக்கும்போது கொக்கி மட்டும் நன்றாக இருக்கும் என்று நம்பிப் படுத்துத் தூங்க என்னால் முடியாது. கறைக்கு அருகில் விளக்கு இருந்தால் அந்த லைனையும் மெயினில் அணைத்துவிடுங்கள்.

அப்புறம், விழுந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் எடுத்துப் பாருங்கள். மெல்லியதாக, வெறும் மணலும் சிமெண்டுமாக, முதுகுப்பக்கம் பலகை மாதிரி வழவழப்பாக இருந்தால் அது மேல்பூச்சு மட்டும். சீலிங்குக்குப் பூச்சு 6 மில்லிமீட்டர் போதும், ஆனால் தளம் மேடுபள்ளமாக இருந்தால் சரிசெய்கிறேன் என்று ஒரு அங்குலம் வரை அப்பிவிடுவார்கள். சென்ட்ரிங் பலகைக்குத் தடவிய எண்ணெய் கான்கிரீட்டில் ஒட்டியிருக்கும், கொத்திவிடாமல் பூசியிருப்பார்கள், என்றோ ஒருநாள் தன் கனம் தாங்காமல் விழுந்துவிடும். அது பயமுறுத்தும், ஆனால் வீட்டுக்கு ஆபத்து இல்லை. துண்டில் ஜல்லி இருந்து, உள்பக்கம் துருக்கோடும் படிந்திருந்தால் கதை வேறு. கம்பியை மூடியிருந்த கான்கிரீட்டே பிளந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இந்த இரண்டாவது ரகம்தான்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் கொத்தனார் சொன்னது ஏன் போதாது என்பதும் விளங்கிவிடும். புதுக் கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம், அதன் பிஹெச் அளவு 12, 13 வரை இருக்கும், அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுத்துக்கொண்டிருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே போகப் போக அந்த அளவு 9 வாக்கில் இறங்கிவிடுகிறது, படலம் போய்விடுகிறது, பிறகு கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கீழே இருக்கும் கான்கிரீட் பிளக்கிறது. மேலே ஈரம் வந்துகொண்டே இருக்க, கீழே எத்தனை தடவை பூசினாலும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டால் இதெல்லாம் உங்கள் கண்ணில் படாமல் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய துண்டு ஒன்று போர்டின் மேல் விழுந்து, அதையும் சேர்த்துக்கொண்டு கீழே வரும்போதுதான் தெரியவரும்.

சரி, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? ஏணியில் ஏறி, கண்ணாடியும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, சுத்தியலின் மரப்பிடியால் சீலிங் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டங்' என்று கெட்டியாகச் சொல்லும், விட்டுப்போன இடம் பானையைத் தட்டினமாதிரி பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விரிசலையும் பாருங்கள். சிலந்திவலை மாதிரி மயிரிழைக் கோடுகள் என்றால் பூச்சு காய்ந்து சுருங்கியது, பட்டியே போதும். சுவரும் தளமும் சேரும் இடத்தில் நீளமாக ஒரே கோடு என்றால் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. நேர்கோடாக, சம இடைவெளியில், பழுப்பு நிறம் கசியும் விரிசல்கள் என்றால் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

வட்டங்கள் அறையில் பாதிக்கு மேல் வந்தாலோ, உத்தரத்தில் விரிசல் இருந்தாலோ, தளம் நடுவில் தொய்ந்தமாதிரி தெரிந்தாலோ இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழையுங்கள். கம்பியின் கனத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 10 மில்லிமீட்டர் கம்பி துரு நீக்கியபின் 9 மில்லிமீட்டர்தான் நிற்கிறது என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல இருக்கும், ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் கிட்டத்தட்ட 19 சதவீதம் போய்விட்டது. அந்த அளவுக்கு வந்தால் புதுக்கம்பி சேர்த்துக் கட்டுவதா வேண்டாமா என்பதை அவர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மூலைக்கறை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் ஒரு பைசா செலவு செய்யாதீர்கள். வளையம் வளையமாக, ஓரம் அடர்ந்த பழுப்பாக இருக்கும் கறை மழைக்கு மழை ஊறிக் காய்ந்தது. எப்போதும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் குழாயையோ தண்ணீர்த் தொட்டியையோ சந்தேகப்படலாம். வெறும் கரும்புள்ளியாகப் பூஞ்சை மட்டும் படர்ந்து, ஏசி ஓடும் நாட்களில் அதிகமானால் அறைக்குள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து படிவதாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுக் காற்று புகாமல் சீலிங்கில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சீலிங்குக்கும் நடுவில் வியர்த்திருந்தால் ஈரம் தளத்திலிருந்து வருகிறது. உங்கள் பக்கம் வியர்த்திருந்தால் அறையின் ஈரம்.

மேலே மொட்டைமாடிக்குப் போனால் நடுவில் தேடாதீர்கள், ஓரங்களைப் பாருங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாய், தளத்தைத் துளைத்து வரும் பைப்புகளின் கழுத்து, ஆலங்கன்று முளைத்த விரிசல், தொட்டிக்கு அடி. வாட்டம் சரியில்லாமல் எங்காவது தண்ணீர் தேங்குகிறதா என்று மழைக்கு மறுநாள் பார்த்தால் அழுக்கு வட்டமே காட்டிக்கொடுக்கும். தண்ணீர் கட்டிச் சோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால் உங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 25 மில்லிமீட்டர் தண்ணீர் என்பது சதுர மீட்டருக்கு 25 கிலோ, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு மேல் அதுவே 280 கிலோ பக்கம் வரும். நல்ல தளம் அதை அலட்சியமாகத் தாங்கும், ஆனால் கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றே தெரியாத தளத்தில் அந்தப் பரீட்சை எதற்கு? ஹோஸ் பைப்பை எடுத்து, தாழ்ந்த இடத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக அரைமணி நேரம் நனைத்து, கீழே ஒருவரை நிற்கவைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் கசியும் இடம் அகப்பட்டுவிடும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே சமயத்தில் நனைந்து ஒன்றும் புரியாது.

கசிவை மேலே அடைத்தபிறகுதான் கீழே வேலை. தளர்ந்ததையெல்லாம் தட்டி இறக்க வேண்டும், அதுவும் கம்பியின் கீழ்ப்பாதி தெரிந்தால் போதாது, கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவுக்கு, ஒரு 20 மில்லிமீட்டராவது கொத்திச் சுற்றிலும் துருவைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். துரு முடிந்த இடத்தோடு நிறுத்தாமல் நல்ல கம்பி கொஞ்சம் தெரியும்வரை போக வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாக விட்டால் ஒரு விநோதம் நடக்கும்: புதுப்பூச்சுக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிடும், துரு அதன் விளிம்பைச் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டுக்குள் முன்பைவிட வேகமாக ஆரம்பிக்கும். ஒட்டுப்போட்ட இடம் நன்றாக இருக்க, அதைச் சுற்றி வளையமாகப் பெயர்ந்த சீலிங்குகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஓரங்களைத் தட்டையாக இழைக்காமல் ஒரு 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த மெல்லிய விளிம்பு முதலில் உரியும். பிறகு கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு, பழைய கான்கிரீட்டுக்கு ஒட்டுப்பூச்சு, அது பிசுக்கென்று இருக்கும்போதே பாலிமர் கலந்த ரிப்பேர் கலவையை அழுத்தி அழுத்திப் படிப்படியாக நிரப்ப வேண்டும். மணலும் சிமெண்டும் குழைத்து அப்பினால் அது காயும்போது சுருங்கி விட்டுக்கொடுத்துவிடும். எத்தனை மில்லிமீட்டர் ஒரு அடுக்கு, எத்தனை நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்பது மூட்டையிலேயே அச்சடித்திருக்கும், அதைப் படிக்காமல் வேலை செய்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். யாருக்கும் பிடிக்காத பகுதி இது. ஊறிய கான்கிரீட் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் பழகிய தோராயக் கணக்கு, மேலே வாட்டர்ப்ரூஃபிங் போட்டு மூடிய தளம் கீழ்ப்பக்கமாக மட்டும்தான் மூச்சுவிட முடியும். முடிந்தால் ஒரு மழைக்காலத்தைக் கடக்கவிடுங்கள். என் சொந்த வீட்டிலேயே அவசரப்பட்டு மூன்று வாரத்தில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து, அது அப்பளம்போலப் பொரிந்து நின்ற கதை உண்டு. மற்றவர்களுக்குப் பொறுமை சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான்.

இப்போது ஃபால்ஸ் சீலிங். உங்கள் ஒன்பதரை அடியில் சட்டத்துக்கும் போர்டுக்கும் அரை அடி போனால் மிச்சம் ஒன்பது. ஃபேன் இலை சீலிங்கிலிருந்து ஒரு அடியாவது இறங்கியிருந்தால்தான் காற்று வரும், ஆக இலை எட்டடியில் சுற்றும். தலையில் இடிக்காது, ஆனால் கட்டில்மேல் நின்று பெட்ஷீட் உதறுகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபேன் எப்போதும் கான்கிரீட்டிலிருந்துதான் தொங்க வேண்டும், போர்டைத் தாங்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய தகட்டு) சட்டத்திலிருந்து ஒருபோதும் கூடாது. என்னைக் கேட்டால் முழுவதும் மூட வேண்டாம், சுவரோரமாக ஒன்றரை அல்லது இரண்டடி அகலத்துக்குச் சுற்றிலும் மட்டும் ஜிப்சம் போர்டு இறக்கி, உள்விளிம்பில் எல்இடி பட்டை மறைவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பழுதுபார்த்த தளம் திறந்தே இருக்கும், அங்கே புதிதாக ஒரு கோடு விழுந்தால் அன்றைக்கே தெரியும், உயரமும் குறையாது. விளக்கு வைக்கும் பள்ளத்தில் கை நுழைய நாலைந்து அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் பட்டை கெட்டுப்போனால் மாற்ற முடியாது, வெளிச்சமும் பரவாமல் ஒரு கோடாக நிற்கும். மூலைக்கறை இருந்த இடத்தில் மட்டும் திறக்கும் மூடி ஒன்று கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தைத் தொங்கவிடும் ஆணிகளுக்குத் துளை போடும்போது நீங்கள் சாக்பீஸில் போட்ட வட்டங்களின் போட்டோவைக் காட்டுங்கள், ஒட்டுப்போட்ட இடத்தில் துளையே கூடாது.

பச்சைத்தாள் ஒட்டிய ஈரம் தாங்கும் போர்டு போட்டால் கசிவுக்குக் கவலையில்லை என்று யாராவது சொல்வார்கள். அது குளியலறைப் பக்கத்து ஈரக்காற்றைத் தாங்கும், மேலிருந்து ஒழுகும் தண்ணீரைத் தாங்காது. பிவிசி பலகை நனைந்தால் கெடாது, உண்மைதான், ஆனால் அதனாலேயே தண்ணீரை மாதக்கணக்கில் மறைத்து வைத்துக்கொள்ளும். எனக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை.

பெயிண்டுக்கு வருவோம். கறை திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் ஈரம் மட்டுமில்லை. அந்தப் பழுப்பு தண்ணீரில் கரையக்கூடியது, எமல்ஷனும் தண்ணீரில் கலந்ததுதான், அடிக்கும்போதே அதை இழுத்து மேலே கொண்டுவந்துவிடும். தளம் காய்ந்தபின் கறை இருந்த இடத்தில் எண்ணெய் வகைக் கறைத்தடுப்பு பிரைமர் ஒரு கை அடித்து, ஜன்னலைத் திறந்துவைத்துக் காயவிட்டு, அதன்மேல் எமல்ஷன் அடியுங்கள்.

கருநீலம் நன்றாகத்தான் இருக்கும், படுக்கையறைக்கு எனக்கும் பிடிக்கும். சீலிங் தாழ்ந்தமாதிரி தோன்றும் என்பது தெரிந்ததே, ஒன்பதரை அடிக்கு அது பெரிய குறையில்லை. கஷ்டம் என்னவென்றால் பளபளப்பு கொஞ்சம் இருந்தாலும் ஒட்டுப்போட்ட விளிம்பெல்லாம் மறைவிளக்கு பக்கவாட்டில் படும்போது நிழலாக எழுந்து நிற்கும். அதனால் மேட் வகையையே வாங்குங்கள், கடைசிக் கைப் பூச்சை ஜன்னலிலிருந்து வெளிச்சம் வரும் திசையோடு ரோலர் ஓட்டி முடியுங்கள். முழு வாளி வாங்குவதற்கு முன், ஒட்டு இருக்கும் இடத்தில் ஒரு கதவு அளவுக்கு அடித்து, ராத்திரி அந்த எல்இடி பட்டையை எரியவிட்டுக் கீழே படுத்துக்கொண்டு பாருங்கள். விளிம்பு தெரிந்தால் பட்டி இன்னொரு கை இழுக்க வேண்டியிருக்கும்.