பழைய விண்டோஸ் ஃபைல் சர்வர்ல இருந்து புது நாஸ்க்கு (நெட்வொர்க்ல எல்லாரும் ஃபைல் வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டி) எல்லாத்தையும் மாத்தப் போறோம். ஃபைனல் மூவ்க்கு முன்னாடி ஒரு ஃபோல்டர காப்பி பண்ணிப் பாத்தா போதுமா?

போதும், ஆனா எந்த ஃபோல்டர்ங்கிறதுல தான் விஷயமே இருக்கு. நெறைய பேர் ஐடி டீமே அழகா அடுக்கி வச்ச ஃபோல்டர எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு ஓகேன்னு கையெழுத்து போட்டுடுவாங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. அக்கவுண்ட்ஸ்ல பல வருஷமா யாரும் தொடாத ஒன்னு இருக்கும் பாருங்க, ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா போயிட்டே இருக்கும், அதை எடுங்க.

தமிழ்ல பேர் வச்ச ஃபைல் இருந்தா தனியா பாருங்க. விண்டோஸ்ல பேருக்கு 255 எழுத்து வரைக்கும் விடும், ஆனா நாஸ் பெரும்பாலும் லினக்ஸ் தான், அங்க கணக்கு 255 பைட். எழுத்த பைட்டா சேமிக்கிற யூடிஎஃப் 8 முறையில ஒரு தமிழ் எழுத்துக்கு 3 பைட், கொம்பு, கால், புள்ளி எல்லாத்துக்கும் தனித்தனியா இன்னொரு 3, அப்போ இதெல்லாம் சேர்த்து 85 தாண்டினாலே காப்பி ஆகாது. "ஆடிட்டர் கேட்ட வரவு செலவு திருத்தியது கடைசி புதுசு"ன்னு நீட்டிக்கிட்டே போற ஆள் ஆபீசுக்கு ஒருத்தர் கண்டிப்பா இருப்பார்.

காப்பி பண்ண விண்டோஸோடவே வர்ற ரோபோகாப்பி கமாண்ட்ல மொதல்ல ஸ்லாஷ் எல் போட்டு ஓட்டுங்க, எதையும் தொடாம லிஸ்ட் மட்டும் தரும். ரீட்ரைய கொறைச்சு வைங்க, டீஃபால்ட் என்னன்னா 10 லட்சம் தடவை, நடுவுல 30 செகண்ட் வெயிட், அதாவது யாரோ தொறந்து வச்சிட்டுப் போன ஒரே எக்செல் ஃபைலுக்காக கிட்டத்தட்ட 347 நாள் உக்காந்திருக்கும்! மிர் ஆப்ஷன் டெஸ்டினேஷன அப்படியே சோர்ஸ் மாதிரி ஆக்கும், அங்க கூடுதலா இருக்கிறத அழிச்சிரும், அதுல சோர்ஸ், டெஸ்டினேஷன் மாறிடுச்சுன்னா அசல் டேட்டாவே அழிஞ்சிரும், பாத்து.

காப்பி ஆனதும் அட்மின் லாகின்ல பாத்துட்டு திருப்தி ஆகிடாதீங்க, அட்மினுக்கு எல்லாம் தெரியத் தான் செய்யும். அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர கூப்பிட்டு அவங்க லாகின்லயே தொறந்து, சேவ் பண்ணி, பேர மாத்தச் சொல்லுங்க, அவங்களுக்கு ஹெச்ஆர் ஃபோல்டர் தொறக்குதான்னும் பாருங்க (தொறக்கக் கூடாது). எக்செல் ஃபார்முலால பழைய சர்வர் பேரோட லிங்க் இருந்தா அதுவும் இப்பவே தெரிஞ்சிடும்.

அப்புறம் டெல்டா, அதாவது முழு காப்பிக்கு அப்புறம் மாறினதை மட்டும் காப்பி பண்றது. முழு காப்பி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, மாறின ஃபைல மட்டும் திரும்ப ஓட்டி எவ்ளோ நேரம் ஆகுதுன்னு குறிச்சுக்கோங்க, குட்டி குட்டி ஃபைலா இருந்தா சைஸ் கம்மியா இருந்தாலும் இழுக்கும். ஃபைனல் அன்னைக்கு ஆபீஸ் நிக்கப் போற நேரம் சுமாரா அதான், மேனேஜர்ட்ட அதை வச்சே கேளுங்க. கடைசி டெல்டாக்கு முன்னாடி பழைய ஷேர ரீட் ஒன்லி ஆக்கிடுங்க, இல்லன்னா யாராவது ஒருத்தர் டெஸ்க்டாப் ஷார்ட்கட் வழியா பழைய இடத்துலயே சேவ் பண்ணிட்டு இருப்பார்.