ஆஸ்பெர்கர் உள்ள பிளஸ் ஒன் மாணவன் நான். பள்ளியில் யாரோடும் ஒட்ட முடியவில்லை. என்ன செய்யலாம்?

வகுப்பு நேரத்தைச் சமாளித்துவிடுவதாகவும், சாப்பாட்டு இடைவேளையில்தான் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. எனக்கும் ஆஸ்பெர்கர்தான்; பிறரோடு பழகுவதையும் பேச்சின் உட்பொருளைப் பிடிப்பதையும் கடினமாக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு அது. பாடவேளையில் யார் பேசுவார், எப்போது முடியும் என்பதெல்லாம் தெரியும். மணி அடித்ததும் அந்த ஒழுங்கு போய்விடும். டிபன் பாக்ஸ் மூடிகளின் சத்தம், பெஞ்சுக்குப் பெஞ்சு வேறு வேறு பேச்சு, பின்னாலிருந்து யாரோ தோளில் தட்டுவது. இதில் எந்தப் பேச்சில் எப்போது நுழைவது?

நுழைய வேண்டாம் என்பேன். அந்த நேரத்துக்கு ஒரு வேலையைத் தேடிக்கொள்ளுங்கள். எனக்கு அது நூலகத்தில் கிடைத்தது. திரும்பி வந்த புத்தகங்களை எண் பார்த்து அலமாரியில் அடுக்குவேன்; பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பதிவேட்டில் எழுதுவான். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லாததால் பேச்சு தானாக வந்தது. அவன் கர்ணம் அடிக்கும் புறாக்களைப் பற்றிச் சொல்வான், நான் ரேடியோ அலைவரிசைகளைப் பற்றி. ஆய்வகம், சதுரங்கம், பள்ளித் தோட்டம் எதுவானாலும் சரி. 'எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகு' என்று உபதேசிப்பவர்களுக்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நம்பகமான ஒரே ஒருவர் கிடைத்தால் அவரிடம் சொல்லிவையுங்கள்: "கிண்டலா, நிஜமா என்று எனக்குச் சட்டென்று பிடிபடாது. கேட்டால் சொல்." 'நீ பெரிய விஞ்ஞானிதான்' என்பது பாராட்டா என்று நான் அந்தப் புறாக்காரனிடம்தான் கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்பான்.

அடிப்பதும், காசு பிடுங்குவதும், படம் எடுத்துப் பரப்புவதும் கிண்டல் கணக்கில் வராது. நாள், இடம், பெயர் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு வாயைவிடப் பேனா கைகொடுக்கும். அங்கே காது கேட்கவில்லை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, பதினெட்டு வயது வரை உங்களுக்கும் அது பொருந்தும்.

அதே ஆசிரியருக்கு இன்னோர் அரைப்பக்கமும் எழுதலாம். 'எனக்கு ஆஸ்பெர்கர்' என்று மட்டும் எழுதினால் அவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: சுவரோர இருக்கை, கால அட்டவணை மாறினால் முன்கூட்டியே தகவல், குழுப் பணியில் என் பங்கு எது என்று பிரித்துச் சொல்வது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் ஆஸ்பெர்கரைத் தனி வகையாக வைப்பதை நிறுத்தி, இதுபோன்ற வேறுபாடுகளின் பொதுப் பெயரான ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. ஆகவே சான்றிதழில் ஆட்டிசம் என்று இருந்தால் திடுக்கிட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடக்கம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பள்ளி வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கும். கையெழுத்துக்காக அலைவதற்கே மாதங்கள் ஓடிவிடும் என்பதால், பிளஸ் டூ வரை காத்திராமல் இப்போதே வீட்டில் சொல்லித் தொடங்கிவிடுங்கள்.