முதல் பட்டதாரி சான்றிதழ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகள் பிளஸ் டூ தேர்வு எழுதியிருக்கிறாள். நானும் கணவரும் பத்தாவதைத் தாண்டவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கச் சொல்கிறார்கள். என் தம்பி பி.காம். படித்தவன். அதனால் கிடைக்காமல் போகுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாய்மாமன் படித்திருப்பதால் ஒரு பாதகமும் இல்லை. குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர் என்பதற்கான சான்று இது. அதற்குக் கணக்கில் வருபவர்கள் அப்பா, அம்மா, இரு வழித் தாத்தா பாட்டிகள், உடன்பிறந்தவர்கள். இவர்களில் ஒருவர் அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியிருந்தாலும் சான்றிதழ் கிடையாது.

இ-சேவை மையத்தில் ஆர்இவி-104 (இந்தச் சான்றிதழுக்கான சேவை எண்) என்று கேளுங்கள். முதலில் மகள் பெயரில் 'கேன்' எண் (விண்ணப்பதாரரின் விவரங்களைப் பதிந்து தரும் அடையாள எண்) பதிய வேண்டும். புகைப்படம், முகவரிச் சான்று, மகளின் டி.சி., குடும்பத்தினரின் டி.சி., சுய உறுதிமொழி ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். பிறகு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று மேலே போய்ச் சான்றிதழ் வரும்.

விண்ணப்பம் சிக்கும் இடங்கள் எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ரேஷன் அட்டையில் அண்ணன் பெயர் இருக்கும், அவனுடைய டி.சி. இணைக்கப்பட்டிருக்காது. 'அவன் என்ன படிச்சிருக்கான்?' என்று வி.ஏ.ஓ. கேட்கத்தானே செய்வார்! ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் மதிப்பெண் பட்டியலில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இன்னொன்று, பதியும்போது அவசரத்துக்கு மையத்துக்காரரின் செல்போன் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். விண்ணப்பம் திரும்பி வந்த செய்தி அவருக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் எண்ணையே கொடுங்கள். ரிசல்ட் வந்தபின் கூட்டம் அலைமோதும், இப்போதே போய்விடுங்கள்.

கேள்வி: இந்தச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் பணமே கட்ட வேண்டாமா?

பதில்: சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். விடுதி, பஸ் செலவு உங்களுடையது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் கிடைத்தவர்களுக்கே இது பொருந்தும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பொருந்தாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அதற்காக மாணவரும் பெற்றோரும் சேர்ந்து உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியானால் முதலில் 7.5 சதவீத இடஒதுக்கீட்டைப் பாருங்கள். அதில் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

கேள்வி: கட்-ஆஃப் 142. பொறியியல் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது?

பதில்: எது வேண்டுமோ அதை. கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். 'நிச்சயம் கிடைக்கும்' என்று நினைக்கும் கல்லூரியை உச்சியில் போட்டால் அதுதான் கிடைக்கும். அதற்குக் கீழே எழுதிய நல்ல கல்லூரியைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. கிடைக்காத இடத்தை மேலே எழுதுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, தாராளமாக எழுதுங்கள். சேர விருப்பமே இல்லாத கல்லூரியை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் ஏராளம் என்பதால் பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பாடப்பிரிவையும் ஒப்பிட்டுப் பார்த்தபிறகே பட்டியலை உறுதி செய்யுங்கள்.