வாலுக்குள் ஆன்டெனா வைக்கலாமா?

கேள்வி: இருவர் அமரும் ஃபைபர் கிளாஸ் விமானம் ஒன்றை வீட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன். ரேடியோ ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நினைக்கிறேன். உள்ளேயே வைத்துவிட்டால் சரியாக வேலை செய்யுமா?

பதில்: தாராளமாகச் செய்யும். ஃபைபர் கிளாஸ் ரேடியோ அலையை மறிக்காது. ஆனால் வாலில் எங்காவது கார்பன் துணி போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், தகரம் அடைத்த மாதிரி அலையைத் தடுத்துவிடும். உலோகத் தூள் கலந்த பெயின்ட்டும் அந்த இடத்தில் வேண்டாம்.

விமான ரேடியோ பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள். அலைகள் செங்குத்தாக அதிர்வதால் ஆன்டெனாவும் நின்றவாக்கில் இருக்க வேண்டும். அதற்கு நிமிர்ந்து நிற்கும் வால்தான் தோதான இடம். தாமிர நாடாவை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகளாக ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் கால் அலைநீளம், அதாவது 56 சென்டிமீட்டர் சுமாருக்கு வரும். முதலில் 60 வைத்து ஒட்டுங்கள், நீளமாக இருந்தால் நறுக்கிக்கொள்ளலாம். 50 ஓம் கேபிள் நடுவிலிருந்து நாடாவுக்குச் செங்குத்தாக விலகிப் போகட்டும். சேருமிடத்தை ஒட்டி மூன்று ஃபெரைட் வளையங்களை (கறுப்புக் காந்தப் பீங்கான் வளையங்கள்) கேபிளில் கோத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் கேபிளின் மேலுறையே ஆன்டெனாவாகி, நீங்கள் பேசும்போது ஹெட்செட்டில் கரகரப்பாகத் திரும்பி வரும். சுக்கான் கம்பியும் விளக்கு ஒயரும் நாடாவை விட்டு எவ்வளவு தள்ளிப் போகின்றனவோ அவ்வளவு நல்லது.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு நான் கோட்டைவிட்ட இடம் ஒன்று உண்டு. அளந்து பார்க்காமல் வாலை மூடிவிட்டேன். தரையில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. மேலே போனதும் கோபுரத்திலிருந்து "திரும்பச் சொல்லுங்கள், திரும்பச் சொல்லுங்கள்" என்றே வந்துகொண்டிருந்தது. கேட்பதற்கு அரைகுறை இணைப்பே போதும், பேசுவதற்குப் போதாது. கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு வாலை அறுத்துத் திறந்தேன். கேபிளின் பின்னல் நாடாவோடு சேருமிடத்தில் ஈயம் பளபளக்காமல் சாம்பல் பூத்திருந்தது. நகத்தால் நெம்பினேன், பொட்டு மாதிரி உதிர்ந்து வந்தது. சூடு பற்றாமல் வைத்த ஈயம். அந்த ஒரு பொட்டுக்காக இழை ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

அதனால் மூடுவதற்கு முன் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் அலையின் அளவைக் காட்டும் கருவி; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) மாட்டி 118, 127, 136 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் அளந்துவிடுங்கள். நடுவில் 1.5-க்குள்ளும் ஓரங்களில் 2-க்குள்ளும் இருந்தால் மூடலாம். 3-ஐத் தாண்டினால் பேச்சுப் பொத்தானையே அழுத்தாதீர்கள், ரேடியோவுக்கு ஆகாது. 118-ல் குறைவாகவும் 136-ல் அதிகமாகவும் காட்டினால் நாடா நீளம். இரண்டு முனையிலும் அரை அரை சென்டிமீட்டராக நறுக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். கேபிளை மெல்ல ஆட்டிக்கொண்டே அளப்பது என் பழக்கம். முள் துள்ளினால் ஈயம் சரியில்லை.

கேள்வி: ஜி.பி.எஸ். ஆன்டெனாவையும் அதே வாலில் வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு வானம் தெரிய வேண்டும், விமானத்தின் முதுகில் வையுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. ரேடியோ பேசும்போது அந்த அலைவரிசையின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும். 121.150-ல் பேசினால் அதன் 13 மடங்கு 1574.95 மெகாஹெர்ட்ஸ். ஜி.பி.எஸ். கேட்பது 1575.42-ல். பக்கத்திலேயே இருந்தால் நீங்கள் பேசும் நேரம் பார்த்து ஜி.பி.எஸ். அறுந்துபோகலாம்.