‘மகளும் இல்லை, மகனும் இல்லை’ என்று பிள்ளை சொன்னால்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், தன்னை ஆண் என்றும் சொல்ல முடியவில்லை, பெண் என்றும் சொல்ல முடியவில்லை, ‘நான்-பைனரி’ என்கிறாள். மருந்துக் கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கி மார்பை இறுகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். இது மனநோயா? கோவையில் டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடுமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: முதல் வேலை அந்த பேண்டேஜை நிறுத்துவது. அது சுளுக்குக்குக் கட்டுவது. மார்பில் சுற்றினால் மூச்சை முழுதாக இழுக்க விடாது. விலா வலிக்கும், தோல் புண்ணாகும். ஆனால் பிடுங்கி எறியாதீர்கள். அப்படிச் செய்தால் உங்களுக்குத் தெரியாமல் பிள்ளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்ளும். அளவான ஸ்போர்ட்ஸ் பிராவும் அதன்மேல் தொளதொளப்பான சட்டையும் பல பிள்ளைகளுக்குப் போதும். இதற்கென்றே தைத்த பைண்டர்தான் வேண்டும் என்றால் மார்பளவு எடுத்து வாங்குங்கள். சின்ன சைஸ் வேண்டாம். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. தூக்கத்திலும் ஓடியாடும்போதும் கூடவே கூடாது. வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே கழற்ற வேண்டும்.

இது மனநோய் இல்லை. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல், பாலின அடையாளம் பற்றிய பகுதியை மனநோய் அத்தியாயத்திலிருந்தே வெளியே எடுத்துவிட்டது. ‘மாற்றித் தருகிறேன்’ என்று சொல்கிற டாக்டரிடம் தயவுசெய்து போகாதீர்கள். அப்படிச் சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்திருக்கிறது. தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால் மனநல டாக்டரைப் பாருங்கள். தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவிலும் பேசலாம்.

எப்படிக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். ‘டீ’ போட்டால் முகம் சுருங்குகிறதா? உங்கள் பக்கத்தில் பையனுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ‘கண்ணு’ இருக்கிறதே! பிறரிடம் பேசும்போது ‘அவங்க’ போதும். வாய் தவறினால் திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். நீங்கள் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டால் பிள்ளைதான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

பாட்டிக்கோ மாமாவுக்கோ சொல்வது பிள்ளையின் சம்மதத்தோடு மட்டும். ‘சித்தியிடம்தானே சொன்னேன்’ என்று நாம் நினைப்போம். அதோடு பிள்ளை நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடும்.

நான்-பைனரி என்றாலே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். பலர் எந்தச் சிகிச்சையும் கேட்பதில்லை. சிலர் பின்னாளில் தம்மை வேறு விதமாக உணரலாம். சிலர் கடைசிவரை இப்படியே இருப்பார்கள். இரண்டில் எது என்று இப்போதே சொல்லச் சொல்லி நெருக்காதீர்கள்.

கேள்வி: என் வகுப்பில் இப்படி ஒரு மாணவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை பாத்ரூம் பக்கமே போவதில்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரியர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: எந்தப் பக்கம் போனாலும் கேலி என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வரும். தலைமை ஆசிரியரிடம் பேசி, ஆசிரியர்களின் பாத்ரூமைப் பயன்படுத்த ஏற்பாடு செய்யுங்கள். இன்டர்வெல் கூட்டத்தில் வேண்டாம், வகுப்பு நடக்கும்போது அனுப்புங்கள், காரணம் கேட்காதீர்கள். வரிசையையும் குழுவையும் ஆண், பெண் என்று பிரிக்காமல் ரோல் நம்பர்படி பிரிக்கலாம். சீருடைக்கு உங்கள் மாநிலத்திலேயே முன்னுதாரணம் உண்டு: எறணாகுளம் மாவட்டத்தில் வளயன்சிறங்கர அரசு எல்.பி. (தொடக்க) பள்ளியில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி முக்கால் டிரவுசரும் சட்டையும். கேலி செய்கிறவர்களைத் தனியாக அழைத்துக் கண்டியுங்கள். அந்த மாணவரை எழுப்பி நிறுத்தி வகுப்புக்கு விளக்கம் சொல்ல வேண்டாம்.